இடது காலுக்கு வேலையில்லை

பகையாளியைக் கண்டு பயப்படுகிறவன் உண்டு, மேலதிகாரியைக் கண்டு பயப்படுகிறவன் உண்டு. தன்னுடைய இடது காலைக் கண்டு பயப்படுகிற மனிதனைப் பார்த்திருக்கிறீர்களா? சிரிக்காதீர்கள். அந்த மனிதர் ஒரு பேருந்து ஓட்டுநர். அவர் காலுக்கு முன்னால் பிரேக் இருந்தது, முதுகுக்குப் பின்னால் வண்டி நிறைய ஜனங்கள் இருந்தார்கள்.

பணிமனையில் அவருக்கு 'மெத்தை' என்று பெயர். பட்டம் வைத்தவர்கள் பொறாமையில் வைத்தார்களோ பாசத்தில் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்தார்கள். அவர் ஓட்டினால் நின்றுகொண்டே தூங்கலாம். கியர் மாறுவதே யாருக்கும் தெரியாது. முப்பது வருடமாக ஒரே வழித்தடம், ஏறக்குறைய ஒரே ஜனங்கள். வளைவு வந்தால், மேடு வந்தால், நிறுத்தம் வந்தால் இடது கால் எழும்பிக் கிளட்சை மிதிக்கும், கை கியரை மாற்றும். மெத்தை மிதித்தார் என்று சொல்வதுகூடத் தப்பு. கால் தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருக்க, அவர் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்.

அப்படி இருந்தவரின் வாழ்க்கையில்தான் பேட்டரி வண்டிகள் வந்து சேர்ந்தன. பழைய வண்டிகளை ஒவ்வொன்றாக ஓரங்கட்டினார்கள். புதியவற்றில் புகை இல்லை, சத்தம் இல்லை, கியரும் கிளட்சும் அறவே இல்லை. கீழே இரண்டே பெடல்கள். ஓட ஒன்று, நிற்க ஒன்று. இரண்டுக்கும் வலது கால் போதும்.

"சார், இந்த வண்டியில இடது காலுக்கு வேலையே இல்ல. ஓரமா வச்சுட்டு மறந்துடுங்க" என்றாள் பயிற்சி கொடுக்க வந்த பெண். அவரைவிட வயதில் மிகவும் சின்னவள். எல்லோரும் மேடம் என்றதால் அவரும் மேடம் என்றார்.

மறக்க வேண்டியது அவர் என்றால் மறந்திருப்பார். கால் அல்லவா மறக்க வேண்டும்? அதற்கு யார் போய்ச் சொல்வது?

புது வண்டியின் பிரேக் பெடல் அகலமானது. பழைய வண்டியில் கிளட்ச் இருந்த இடம்வரை அதன் ஓரம் நீண்டிருந்தது. கிளட்சை அடிவரை அழுத்திப் பழகிய கால் இதை அடிவரை அழுத்தினால் என்ன ஆகும்? வண்டி சுவரில் முட்டியதுபோல் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் நிற்க மாட்டார்கள்.

அது பயிற்சியின் மூன்றாம் நாளே தெரிந்துபோயிற்று. மைதானத்தில் டயர்களை அடுக்கி வளைவுகள் செய்திருந்தார்கள். மெத்தையோடு வேலை பார்க்கும் நடத்துநர் அன்று வேடிக்கை பார்க்க ஏறியிருந்தார். அவருக்குத் 'தூண்' என்று பெயர். எந்த வண்டியிலும் கம்பியைப் பிடிக்காமல் நிற்பார். ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை, கம்பி பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது என்பார். உண்மை என்னவென்றால், மெத்தையின் கியர் எப்போது விழும் என்று அவர் இடுப்புக்குத் தெரியும். முதல் வளைவு வந்தது. மெத்தைக்குத் தெரியாமலே இடது கால் எழும்பியது. தெரிந்தபோது அது பிரேக்கின் அடியில் கிடந்தது. தூண் பறந்துபோய் முன்கண்ணாடிச் சட்டத்தில் விழுந்தார்.

மணிக்கட்டு முறிந்துவிட்டது. புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது. "மெத்தைன்னு நம்பித்தானே அண்ணே வந்து விழுந்தேன்?" என்று வலியோடு சிரித்தார்.

மெத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து காலைப் பார்த்தார். யாரோ செய்த காரியம்போல் அது சும்மா இருந்தது. நம்மைக் கேட்காமல் இது இவ்வளவு செய்யுமா? அந்தக் கணத்திலிருந்துதான் அவர் தன் காலைக் கண்டு பயப்படத் தொடங்கினார்.

"எல்லாருக்கும் வர்றதுதான் சார்" என்றாள் மேடம். "கால் எழும்புற மாதிரி இருந்தா வாய்விட்டுச் சொல்லுங்க. 'வருது'ன்னு சத்தமா கத்துங்க. வாய் சொன்னா கால் கேக்கும். நாலு நாள் கத்தினா அடங்கிடும்."

பின்னிருக்கைகளில் மற்ற ஓட்டுநர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். பாதிப் பேர் அவரிடம் தொழில் பழகியவர்கள். அவர்கள் முன்னால் முப்பது வருட ஓட்டுநர் 'வருது, வருது' என்று கத்துவதா? தலையை ஆட்டிவைத்தார். கத்தவில்லை. கால் அதற்கப்புறமும் எழும்பியது. நல்லவேளை, பின்னால் நின்றுகொண்டிருந்தவர் யாரும் இல்லை.

வீட்டிலும் அது சும்மா இருக்கவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது செய்தி வாசிப்பவர் மூச்சு விடும் இடத்தில் கால் எழும்பித் தரையை மிதிக்கும்.

"யாரைப் போட்டு மிதிக்கறீங்க? என்னையா?" என்று கேட்டார் மனைவி.

"கொசு" என்றார் மெத்தை.

கொசு என்று சொல்லி எத்தனை நாள் ஓட்டுவது? அடுத்த வாரம் தேர்வு. தேறாதவர்கள் வண்டி கழுவும் இடத்துக்கோ கேட் காவலுக்கோ போக வேண்டும் என்று எழுதி ஒட்டியாகிவிட்டது. கேட்டில் நிற்பது கேவலம் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் ஓட்டுநர் இல்லையென்றால் தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதற்கு இப்போது எட்டு மாதம், மகள் வயிற்றில்.

அவருடைய மகள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். தினமும் காலையில் அப்பாவின் வண்டியில்தான் வேலைக்குப் போவாள். "மத்த வண்டியில ஏறினா குமட்டுதுப்பா. உங்க வண்டியிலதான் வயித்துல இருக்கறது நிம்மதியா தூங்குது" என்பாள். முதல் நாள் மகளை ஏற்றிக்கொண்டு போகும்போது கால் எழும்பினால்? அவர் மனசு அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டியது. வளைவு, கால், மகள் முன்னிருக்கைக் கம்பியில் வயிறு மோத விழுவது. படம் அதற்குமேல் போகாது. மறுபடியும் வளைவிலிருந்து தொடங்கும்.

"கொஞ்ச நாளைக்கு வேற வண்டியில போயேம்மா" என்று சொல்லிப் பார்த்தார்.

"ஏன்?"

"புது வண்டி. கைக்குப் பழகணும்."

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் ஏறக்கூடாது. மத்தவங்க மட்டும் ஏறலாமா?"

மெத்தை எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போகிறவர்போல் வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம்தான் பரணில் கையை விட்டுத் துழாவினார். மகளின் பழைய பள்ளிப் பை அகப்பட்டது. பையை எலி கடித்திருந்தது, தோள்வார் மட்டும் புதுசுபோல் இருந்தது. அகலமான வார், இரும்பு வளையம். அதை அறுத்து எடுத்துக் கணுக்காலில் சுற்றிப் பார்த்தார். வளையம் கொஞ்சம் முரடு பிடித்தது. மாட்டினால் சுலபத்தில் கழலவில்லை. அதுதான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டார் மனிதர்.

தேர்வன்று எல்லோருக்கும் முன்னால் போய் ஏறி உட்கார்ந்தார். இருக்கைக்கு அடியில் இருந்த இரும்புக் காலோடு தன் இடது காலைச் சேர்த்துக் கட்டினார். பேண்ட் நுனி அதை மூடிக்கொண்டது. வளைவு வரும்போதெல்லாம் கால் எழும்பப் பார்த்தது. வார் இழுத்துப் பிடித்தது. கணுக்கால் எரிந்தது. வண்டியோ வெண்ணெயில் வழுக்கியதுபோல் போயிற்று.

"பாத்தீங்களா சார்? ஒரு குலுக்கல் இல்ல" என்றாள் மேடம் சந்தோஷமாக.

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோது வாரை அவிழ்த்துக் காட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான். கையெழுத்துப் போட்டுத் தேர்ச்சி அட்டையை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை புது வண்டி தெருவில் இறங்கியது. சத்தமே இல்லை. பழைய வண்டி உறுமும், இருமும், மேடேறும்போது திட்டும். இதில் ஜனங்கள் பேசுவது, செல்போன் சிணுங்குவது, தன் நெஞ்சு அடிப்பது எல்லாமே மெத்தைக்குக் கேட்டது. தெருவில் நடப்பவர்களுக்கு மட்டும் வண்டி வருவது கேட்கவில்லை. பக்கத்தில் வந்த பிறகு திடுக்கிட்டு விலகினார்கள். ஒவ்வொருவர் விலகும்போதும் இடது கால் வாரைப் பிடித்து இழுத்தது. சங்கிலியில் கட்டிய நாயை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவதுபோல் இருந்தது.

தூண் கட்டுப்போட்ட கையோடு வேலைக்கு வந்திருந்தார். வழக்கமான இடத்தில், மெத்தையின் முதுகுப் பக்கம், கம்பியைப் பிடிக்காமல். அந்த நம்பிக்கையைப் பார்த்து மெத்தைக்கு அழுகை வரும்போலிருந்தது.

மூன்றாவது நிறுத்தத்தில் மகள் நின்றிருந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. குளிருக்குச் சால்வை போர்த்தி, முன்வாசல் வழியாக ஏறி, அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

"சூப்பரா இருக்குப்பா வண்டி. இதுக்கா பயந்தீங்க?"

அவர் சாலையையே பார்த்து ஓட்டினார். முகத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. அடுத்த வளைவு போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. கால் இழுத்தது, வார் விடவில்லை. யாரோ பின்னாலிருந்து, "மெத்தைன்னா மெத்தைதான்யா" என்றார்கள். அவருக்கு மெல்ல மூச்சு வந்தது. இப்படியே ஓட்டிவிடலாம், ஓய்வு பெறும்வரை இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தார். அந்த நினைப்போடு மகள் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தார்.

அது இறக்கத்தில் இருக்கும் நிறுத்தம். வண்டியை நிறுத்தினால் மஞ்சள் குமிழை இழுத்து ஹேண்ட் பிரேக் போட வேண்டும் என்பது புது வண்டியின் சட்டம். ஒரு நிமிடத்துக்கு எதற்கு என்று வலது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு இருந்தார். மகள் பார்த்துப் பார்த்து இறங்கினாள். மெத்தை பொத்தானை அமுக்கினார். கதவு மூடியது. மூடும்போது சால்வையின் நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"அப்பா!"

கதவைத் திறக்கும் பச்சைப் பொத்தான் அவர் விரலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆனால் முப்பது வருடமாகக் கதவு அவர் பொறுப்பு இல்லை. வாசலில் யாராவது அலறினால் எழுந்து ஓடுவதுதான் அவர் பழக்கம். காலைக் கட்டியவர் இந்தப் பழக்கத்தை எதைக்கொண்டு கட்டுவார்? மகள் குரல் கேட்டதும் துள்ளி எழுந்தார்.

வார் காலைப் பிடித்து இழுத்தது. மெத்தை ஸ்டியரிங்கில் முகம் இடிபட்டு, இருக்கையிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். பிரேக்கிலிருந்து வலது கால் எடுபட்டுவிட்டது. வண்டி சத்தமில்லாமல் இறக்கத்தில் நகரத் தொடங்கியது.

"நிறுத்துங்கண்ணே!" என்று கத்தினார் தூண். "பாப்பாவ இழுக்குது!"

கீழே கிடந்தவருக்குக் கண்ணாடி தெரியவில்லை. மகள் தெரியவில்லை. வெளியே உள்ளங்கையால் தகரத்தைப் படபடவென்று தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் வண்டியோடு கூடவே வந்தது. வலது காலை மடக்கி நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. இடது கால் பெடலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. முப்பது வருடமாக எழும்பி எழும்பி மிதித்த கால் அது. இப்போது அதுதான் வேண்டும், இப்போது அதைத்தான் கட்டிப்போட்டிருக்கிறார். வளையத்தைப் பிய்த்தார். அது முரடு பிடித்தது.

தட்டும் சத்தம் நின்றுபோயிற்று.

அந்த நிசப்தத்தில் அவருக்கு உயிர் போய்விட்டது என்றே சொல்ல வேண்டும். உடம்பை முறுக்கி, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் பிரேக்கின்மேல் வைத்து, மொத்த உடம்பையும் அதன்மேல் போட்டார். வண்டி நின்றது. உள்ளே எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள்.

"மஞ்சள் குமிழ இழுடா! அப்புறம் பச்சைப் பட்டன்!"

தூண் நல்ல கையால் இழுத்தார், அமுக்கினார். கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது. வெளியே யாரும் பேசவில்லை. மெத்தை தரையில் கிடந்தபடி படிக்கட்டையே பார்த்தார். கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது?

ஒரு செருப்புக் கால் படியில் ஏறியது.

மகள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றக் கையின் உள்ளங்கை சிராய்ந்திருந்தது. கழுத்திலிருந்து சால்வையைக் கழற்றி விட்டுவிட்டுத் தப்பியிருந்தாள். "ஒண்ணும் இல்லப்பா. விழல. நடந்துக்கிட்டேதான் வந்தேன். ஒண்ணும் ஆகல" என்று மூச்சு வாங்கச் சொன்னவள், அவர் கிடந்த கிடப்பைப் பார்த்து நின்றுவிட்டாள். பேண்ட் முழங்கால்வரை ஏறியிருந்தது. கணுக்காலில் வார் தெரிந்தது.

"இது என் ஸ்கூல் பேக் வாருதானே?"

வண்டி முழுக்க எட்டிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

"பயமா இருந்துச்சும்மா" என்றார் மெத்தை. இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாத வார்த்தை. "கால் எழும்புது. நான் சொன்னா கேக்கல. உன்னைக் கொன்னுடுவேனோன்னு பயமா இருந்துச்சு."

தூண் வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மகள் படியில் உட்கார்ந்து, அவர் கையை விலக்கினாள். "அப்படி இழுத்தா வராது மாமா. அமுக்கிட்டுத் தூக்கணும். சின்னதுல இருந்தே இது இப்படித்தான்." அமுக்கித் தூக்கினாள். வார் கழன்று விழுந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் இருப்பது நலம் என்று சொன்ன பிறகுதான் மெத்தை பணிமனைக்குப் போனார். மேஜைமேல் வாரை வைத்தார். மேடம் அதை எடுத்துப் பார்த்தாள்.

"டெஸ்ட்டும் இதைக் கட்டிட்டுத்தான் ஓட்டினீங்களா?"

"ஆமா மேடம்."

"நல்லா ஓட்டினீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன் சார்." அவள் கோபத்தை மறைக்கவில்லை. மறைக்கவும் வேண்டியதில்லை. "அட்டையைக் குடுங்க. மேல எழுதிப் போடணும். அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் மைதானம்தான். முதல் நாள்லேர்ந்து."

அட்டையைக் கொடுக்கும்போது அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. அதோடு, கணுக்காலை இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லாத நிம்மதியும் இருந்தது.

மைதானத்தில் புதுசாகச் சேர்ந்தவர்கள் பின்னிருக்கைகளில் காத்திருந்தார்கள். மெத்தை ஏறி உட்கார்ந்தார். மஞ்சள் குமிழைத் தள்ளிவிடப் போனவர் கண்ணாடியைப் பார்த்தார். தூண் வந்து நின்றிருந்தார், அதே பழைய இடத்தில். நல்ல கை கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்த மனிதர் கம்பியைப் பிடித்து அவர் பார்த்ததே இல்லை.

"என்னடா, நீயே கம்பியப் புடிச்சுட்ட?"

"நீங்க காலை மாத்துங்கண்ணே. நான் கையை மாத்திக்கறேன்."

மெத்தை குமிழைத் தள்ளிவிட்டார். வண்டி நகர்ந்தது. டயர் அடுக்கிய வளைவு எதிரே வந்தது. தொடையில் அந்தத் துடிப்பு தொடங்கியது. கட்டு இல்லாத கால், பிடிக்க ஒருவரும் இல்லாத கால்.

"வருது!" என்று கத்தினார், வண்டி அதிர.

கால் எழும்பி மிதித்தது. வண்டி முட்டி நின்றது. பின்னால் புதுப் பையன்கள் முனகினார்கள். தூண் ஆடினார், விழவில்லை.

"அடுத்ததுக்குப் போங்கண்ணே" என்றார்.

அடுத்த வளைவு வந்தது. "வருது! வருதுடா!" குரல் உடைந்துபோயிற்று. யாரோ ஒரு பயல் பின்னால் களுக்கென்று சிரித்தான். கால் எழும்பியது. பெடலுக்கு மேலே வந்து, எங்கே போவது என்று தெரியாததுபோல் அந்தரத்தில் நின்றது. அப்புறம் நடுங்கிக்கொண்டே தரையில் இறங்கியது.

வளைவு முடிந்துவிட்டது. மெத்தை கண்ணாடியைப் பார்த்தார். தூண் இன்னும் கம்பியை விடவில்லை.

"விடாத. இன்னும் வரும்" என்றார் மெத்தை.

"விடலண்ணே" என்றார் தூண்.